தண்ணீர் எங்கே நிற்கிறது: ஒரு பழைய கிரண் விமானத்தோடு எட்டு மாதம்

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. விமானத்தின் வயிற்றுக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்திருந்தேன். தகட்டில் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு சின்னக் குழிவு. டார்ச் அடித்துப் பார்த்தால், பெயின்டர்கள் குழி அடைக்கும் புட்டிப் பசையை வைத்து அடைத்து, மேலே பெயின்ட் பூசியிருந்தார்கள். ட்ரில் பிட்டை விரலாலேயே திருகித் திருகிப் புட்டியைச் சுரண்டினேன். கடைசித் துணுக்கு உதிர்ந்ததும் பழுப்பு நிறத்தில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்த ஆசாரியார் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார். நின்றபோது கால் குடத்துக்கு மேல் இருந்தது.

எங்கள் பக்கம் கடைசியாக மழை பெய்தது டிசம்பரில். மூன்று மாதமாக அந்தத் தண்ணீர் அலுமினியத் தகட்டுக்கும் உள்சட்டத்துக்கும் நடுவில் அப்படியே நின்றிருக்கிறது. எத்தனை வருட மழை இப்படி நின்றதோ என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்கென்றே விமானத்தில் வைத்த துளைகள் அவை. அதே அடிவயிற்றில் அன்று மட்டும் பதினேழு துளைகளைத் திறந்தோம். அத்தனையிலும் புட்டி.

நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்கூட்டைப் பார்த்துக்கொள்பவனாக இருந்தவன். தாம்பரத்தில் பறக்கும் பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பள்ளி இருக்கிறது. அங்கே கிரண் விமானங்களோடு பல வருடம் கழித்தேன். ஓய்வுபெற்று ஊருக்கு வந்தபின், காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடையில் ஒரு கல்வி வளாகத்தின் வாசலில் ஒரு கிரண் நிற்பதைப் பேருந்திலிருந்து பார்ப்பேன். ஒவ்வொரு வருடமும் அதன் நிறம் மாறிக்கொண்டே இருந்தது. பெயின்ட் புதிதாகப் புதிதாக, இறக்கையின் ஓரம் மட்டும் வருடாவருடம் உப்பிக்கொண்டே வந்தது. ஒருநாள் இறங்கி உள்ளே போய், "இதை நான் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். எழுத்தில் அனுமதி கொடுத்தார்கள். அப்படித்தான் ஆரம்பித்தது.

கிரணைத் தெரியாதவர்களுக்காக: எச்ஜேடி-16 என்பது அதன் வரிசைப் பெயர். பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில், வி.எம். காட்டகே தலைமையிலான குழு வடிவமைத்த ஜெட் பயிற்சி விமானம். முதலில் பறந்தது 1964 செப்டம்பர் 4. படையில் சேர்ந்தது 1968. மூக்கிலிருந்து வால்வரை 10.6 மீட்டர், இறக்கை நுனிக்கு நுனி 10.7 மீட்டர். இருக்கைகள் முன்பின்னாக இல்லாமல் பக்கம்பக்கமாக இருக்கும். ஆசிரியரும் மாணவரும் தோளோடு தோள் உட்கார்ந்து பறப்பார்கள். மாணவரின் கை எங்கே நடுங்குகிறது என்பது ஆசிரியரின் கண்ணுக்கு உடனே தெரியும். நம் நாட்டுப் போர் விமானிகளில் பல தலைமுறைகள் ஜெட் ஓட்டப் பழகியது இதில்தான். 1996-ல் சூர்யகிரண் சாகசக் குழு தொடங்கியபோது ஓட்டியதும் இதன் இரண்டாம் வகையை. எங்களிடம் இருப்பது முதல் வகை. எஞ்சினைக் கழற்றிக்கொண்டுதான் கொடுத்திருக்கிறார்கள். இது இனிப் பறக்காது. கெடாமல் நிற்கவேண்டும், அவ்வளவுதான் எங்கள் வேலை.

குழு என்று சொன்னால் ஏழெட்டுப் பேர். பாலிடெக்னிக் மாணவர்கள் நால்வர், அதில் இருவர் பெண்பிள்ளைகள். பள்ளத்தூர்ப் பக்கம் பழைய வீடுகளைச் சீர்செய்யும் ஆசாரியார் ஒருவர், அறுபத்தைந்து வயது. கார்களுக்கு பெயின்ட் அடிக்கும் அண்ணன் ஒருவர். அரிமானம், அதாவது உலோகம் அரித்துப்போவது பற்றிப் பல வருடம் பாடம் எடுத்து ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை ஒருவர். யாருக்கும் சம்பளம் இல்லை.

முதல் கூட்டத்திலேயே ஒரு சிக்கல். ஆண்டு விழாவுக்குள் விமானம் பளபளவென்று இருக்கவேண்டும் என்பது வளாகத்தார் ஆசை. பெயின்டர் அண்ணனும், "மூணு நாள் போதும் சார், காருக்கு அடிக்கிற மாதிரியே அடிச்சிரலாம்" என்றார். அவர் தொழில் சுத்தமானது, நோக்கமும் நல்லது. ஆனால் இத்தனை நாள் அந்த விமானத்தைத் தின்றுகொண்டிருந்ததே அந்த மூன்று நாள் பெயின்ட்தான். எப்படிச் சொல்வதென்று நான் தடுமாறியபோது ஆசாரியார் பேசினார்.

"தம்பி, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கூப்பிட்டா நான் முதல்ல சுவத்தப் பாக்கமாட்டேன். ஓட்டுல ஏறி, தண்ணி எங்க நிக்கிதுன்னு பாப்பேன். முத்தத்துல விழுற மழை எந்த வழியாப் போகுதுன்னு பாப்பேன். அந்த வழி அடைச்சிருந்தா, மேல என்ன பூசினாலும் ரெண்டு வருஷந்தான்."

பெயின்டர் அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்கு வேலை எப்ப?" என்று கேட்டார். "கடைசியில்" என்றேன். செப்டம்பர்வரை காத்திருந்தார். காத்திருந்த நாளெல்லாம் பழைய பெயின்ட்டை உரிப்பதற்குக் கைகொடுத்தார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

துளைகளைத் தொடுவதற்கு முன் செய்த ஒரு வேலையைச் சொல்லியாகவேண்டும். இதுபோன்ற விமானத்தில் கைவைக்க நினைப்பவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். கிரணில் விமானியை வெளியே எறியும் இருக்கை உண்டு. அதை இயக்குவது வெடிமருந்துக் குப்பி. எல்லாக் குப்பிகளும் அகற்றப்பட்டதற்கான காகிதம் வளாகத்துக் கோப்பில் இருந்தது. இருந்தும் நான் ஒரு முறை, என்னோடு பணியாற்றிய ஆயுதப் பிரிவு நண்பர் ஒரு முறை என்று இருவரும் தனித்தனியாகச் சரிபார்த்த பிறகே பிள்ளைகளைக் காக்பிட் பக்கம் விட்டோம். அடுத்தது கருவி முகப்புகள். இருட்டில் ஒளிர்வதற்காகப் பழைய கருவிகளின் முள்ளிலும் எண்ணிலும் பூசிய பூச்சில் கதிரியக்கப் பொருள் இருக்கக்கூடும். கண்ணாடி உடைந்து அந்தப் பூச்சு தூளாக வெளியே வந்தால்தான் பெரிய ஆபத்து. ஆகவே ஒரு கருவியையும் பிரிக்கவில்லை. வெளியே துடைத்ததோடு சரி. பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் இருக்கும் பழைய பிரைமர், அதாவது அடிப்பூச்சு, குரோமேட் உப்பு கொண்டது. அதன் தூள் நெஞ்சுக்குள் போகக்கூடாது. காய்ந்த நிலையில் தேய்ப்பதே கிடையாது என்று முதல் நாளே விதி வைத்தேன். ஈரம் பண்ணித் தேய்த்து, கழிவைத் துணியில் ஒற்றி, தனி டப்பாவில் மூடிவைத்தோம்.

சக்கரத்தின் நடுவார்ப்பில் சாம்பல் பூத்தமாதிரி வெள்ளைத்தூள் இருந்தது. ஒரு சொட்டு வினிகர் விட்டேன். உடனே நுரைத்தது. மெக்னீசியம் கலந்த உலோகம் அப்படித்தான் நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். மெக்னீசியத்தில் கிரைண்டர் வைத்தால் தீப்பிடிக்கலாம். பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, காய்ந்த மணல்தான். அந்தச் சக்கரங்களைக் கையாலேயே சுத்தம் செய்தோம். பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி மணல்.

இனி அரிப்பு. எங்கள் எட்டு மாதத்தில் ஐந்து மாதம் இதற்கே போனது.

விமானத் தகடு வெறும் அலுமினியம் அல்ல. செம்பு கலந்து வலுவேற்றிய கலவை அது. வலு கூடினாலும் அரிப்பைத் தாங்காது. அதனால் இருபுறமும் மெல்லிய சுத்த அலுமினியத் தோல் போர்த்தியிருப்பார்கள். அந்தத் தோல்தான் காவல். முன்பு யாரோ பெயின்ட் உரிக்கச் சுழலும் கம்பித் தூரிகையைப் போட்டிருக்கிறார்கள். காவல் தோல் பல இடங்களில் போய்விட்டது. இரும்புக் கம்பியின் துணுக்குகள் தகட்டில் பதிந்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு கருங்குழி விழுந்திருந்தது. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளில் கழன்றவற்றுக்குப் பதிலாக எஃகு பாப் ரிவெட்டும், கடையில் கிடைத்த நாகம் பூசிய ஸ்க்ரூவும் ஏறியிருந்தன.

இது ஏன் ஆகாது என்பதைப் பேராசிரியை ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரில் காட்டினார். ஒரு அலுமினியத் துண்டு, ஒரு எஃகு ஆணி, இரண்டையும் கம்பியால் இணைத்து மீட்டர் வைத்தார். முள் நகர்ந்தது. "பாத்தியாம்மா, இது ஒரு பேட்டரி. பேட்டரி ஓடணும்னா ஒரு உலோகம் கரையணும். இங்க கரையறது அலுமினியம்" என்றார். அன்று அந்தப் பிள்ளைகள் முகத்தில் வந்த தெளிவை நான் மறக்கமாட்டேன். மழைத்தண்ணீர், பறவை எச்சம், எலி மூத்திரம் எல்லாம் அந்த டம்ளர்த் தண்ணீரின் வேலையைச் செய்யும். தண்ணீர் இல்லையென்றால் பேட்டரி ஓடாது.

இந்த ஊரில் இப்படி ஒரு விமானம் அரித்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னொரு வகையிலும் உறுத்தியது. மின்வேதியியலுக்கென்றே மத்திய அரசின் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. அரிமானம் அங்கே ஒரு முக்கியத் துறை. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். அவர் ஜூபிடர் ஏர்வேஸ் என்று சொந்தமாக விமான நிறுவனமே நடத்தியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுதளம் ஒன்றும் செட்டிநாட்டில் கிடக்கிறது. விமானமும் அரிமான அறிவும் இந்த மண்ணுக்குப் புதிது அல்ல என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

தகட்டில் மூன்று நிலை பார்த்தோம். மேலே வெள்ளைத்தூள் பூத்தது முதல் நிலை. நைலான் பட்டையால் தேய்த்தால் போய்விடும். ஊசி குத்தியதுபோல் குழி விழுந்தது இரண்டாவது. மூன்றாவதுதான் பயங்கரம்: தகடு உள்ளேயிருந்து அடுக்கடுக்காகப் பிரிந்து, பரோட்டாபோல உப்பிவிடும். விரலால் அழுத்தினால் ஏடு ஏடாக வரும். வலது இறக்கையின் பின்விளிம்பும் அடிவயிற்றில் இரண்டு கட்டங்களும் இந்த நிலையில் இருந்தன. உப்பாத இடத்தில் உள்ளே நோய் இருக்கிறதா என்று அறிய ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனோம். நல்ல தகடு கணீரென்று சொல்லும், பிரிந்தது சொத்தென்று சொல்லும். ஆசாரியாருக்கு இதில் என்னைவிடக் கூர்மையான காது. தேக்குத் தூணைத் தட்டி உள்ளே செல்லரித்ததைக் கண்டுபிடித்தே பழகியவர். கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார். நின்ற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். அந்த வட்டங்களில் பெரும்பாலானவை சரியாக இருந்தன.

மே மாதம் ஒரு தவறு நடந்தது. பொறுப்பு என்னுடையது. பறவைக் கூட்டையும் செம்மண் தூசியையும் சீக்கிரம் அகற்றலாம் என்று, கார் கழுவும் பிரஷர் வாஷரை வால்பகுதியில் போட அனுமதித்தேன். அரைமணி நேரத்தில் வெளியே சுத்தமாகிவிட்டது. ஆனால் அந்த வேகத்தில் தகடும் தகடும் ஒட்டும் இடுக்குகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. வெளியேற்றத்தான் எட்டு மாதம் கேட்டிருந்தேன். உள்ளே ஏற்றியதும் நானே. மூன்று ஞாயிறு அந்தப் பகுதியின் மூடிகளைக் கழற்றிவைத்து, டேபிள் ஃபேன் வைத்து உலர்த்தினோம். அதன்பின் ஈரத் துணி, மென்மையான தூரிகை, வாளித் தண்ணீர், அவ்வளவே. உங்களில் யாராவது இதைச் செய்யப்போகிறீர்கள் என்றால் பிரஷர் வாஷரை வாசலோடு நிறுத்திவிடுங்கள்.

உப்பிப்போன கட்டங்களை வெட்டி எடுத்தே ஆகவேண்டியிருந்தது. பறக்கும் விமானமாக இருந்தால் அசல் கலவையில்தான் ஒட்டுப்போட வேண்டும். நிற்கும் விமானத்துக்கு வலுவைவிட அரிப்பைத் தாங்குவது முக்கியம் என்பதால் படகு கட்டுபவர்கள் பயன்படுத்தும் 5052 ரக அலுமினியத் தகடு வாங்கினோம். ஒவ்வொரு ஒட்டின் உள்பக்கமும் தேதி, தகட்டு ரகம், செய்தவர் பெயர் எழுதிவைத்தோம். நாளைக்கு ஒருவர் திறந்து பார்த்தால் எது அசல், எது நாங்கள் சேர்த்தது என்று தெரியவேண்டும்.

ரிவெட் அடிப்பதற்கு முன் பிள்ளைகள் ஒரு மாதம் துண்டுத் தகடுகளில் பழகினார்கள். கணக்கு எளிது: இணைக்கும் தகடுகளின் மொத்தத் தடிமனோடு, ரிவெட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு சேர்த்தால் அதுதான் வேண்டிய நீளம். அடித்தபின் உண்டாகும் தலை விட்டத்தில் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்கவேண்டும். குறைந்தால் பிடிக்காது, கூடினால் வெடிக்கும். வெளியே ஒருவர் ரிவெட் அடிக்கும் கன் பிடிப்பார், உள்ளே ஒருவர் டாலி என்ற இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அண்டக்கொடுப்பார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது, சத்தத்தில் பேச்சும் கேட்காது. தட்டுவதுதான் மொழி. உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தால் இன்னும் கொஞ்சம் அடி. இரண்டு தட்டு என்றால் சரி. மூன்று தட்டு என்றால் கெட்டுவிட்டது, எடு.

வால்பகுதிக்குள் நுழையும் அளவுக்கு ஒல்லியாக இருந்தது ஒரே ஒரு மாணவிதான். ஜூன் வெயிலில், அந்த உலோகக் குழாய்க்குள், காதில் பஞ்சு வைத்து அதற்குமேல் காதுமூடியும் போட்டுக்கொண்டு டாலி பிடித்தாள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து மோர் குடித்துவிட்டுப் போவாள். முதல் நாள் முப்பத்திரண்டு ரிவெட்டில் பதினொன்றுக்கு மூன்று தட்டு கேட்டது. கன் பிடித்திருந்த பையன் சோர்ந்துபோனான். "கெட்டதை மூணு தட்டு தட்டிச் சொன்னாளே, அதுதான் உனக்கு வேணும்" என்றேன். சுமாரானதைச் சரி என்று விட்டுவிடும் ஆள் உள்ளே இருந்தால் அந்த ஒட்டு நிற்காது. ஜூலை கடைசியில் நாற்பதுக்கு ஒன்றுதான் கெட்டது.

இணைப்புகளுக்கு நடுவில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பாலிசல்ஃபைட் சீலன்ட் தடவி, ஈரமாக இருக்கும்போதே ரிவெட் அடித்தோம். உள்கட்டங்களில் மெழுகு கலந்த அரிப்புத் தடுப்பு எண்ணெயைத் தெளித்தோம். தெளித்ததும் மறுபடி ஒரு வேலை: எண்ணெய் போய்த் துளையை அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு துளையையும் பார்ப்பது. தென்னை ஈர்க்கு இதற்கு மிக நல்ல கருவி. வளையும், தகட்டைக் கீறாது, உடைந்தாலும் துருப்பிடிக்காது.

காக்பிட்டின் மேல்மூடி கண்ணாடி அல்ல, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். தின்னர், பெட்ரோல், கண்ணாடி துடைக்கும் அமோனியாத் திரவம் எதுவும் படக்கூடாது; நுண்ணிய விரிசல் வலைபோல் பரவிவிடும். சோப்புத் தண்ணீரும் பழைய பருத்தித் துணியும்தான் வழி. புதுத் துணியின் கஞ்சிகூடக் கீறும். இதைக் கேள்விப்பட்ட ஒரு ஆச்சி, தம் வீட்டுப் பெட்டகத்திலிருந்து, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன அப்பச்சி வேட்டிகள் ஆறு கொடுத்தனுப்பினார். "நல்ல காரியத்துக்குத்தானே தம்பி, கிழிச்சுக்கங்க" என்று சொல்லியனுப்பியிருந்தார். கிழிக்கவே மனம் வரவில்லை. நான்கைக் கிழித்தோம், இரண்டை மூடிக்கு வெயில் மறைப்பாகத் தைத்துக்கொண்டோம். மூடி இப்போது முழுத் தெளிவாக இல்லை. பழைய விரிசல் விரிசல்தான். ஆனால் இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்தால் வானம் தெரிகிறது.

செப்டம்பரில்தான் பெயின்டர் அண்ணனின் முறை வந்தது. உரித்தபோது மூன்று எனாமல் அடுக்குக்குக் கீழே அசல் பூச்சின் ஓரங்கள் சில இடங்களில் கிடைத்தன; அவற்றை உரிக்காமல் விட்டு, நிறத்துக்கு மாதிரியாக வைத்துக்கொண்டோம். அலுமினியத்தின்மேல் எனாமல் நேரடியாகப் பிடிக்காது; உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் எட்ச் பிரைமர் மெல்லியதாக ஒரு கோட், அதன்மேல் எப்பாக்ஸிப் பூச்சு, அதன்மேல்தான் நிறம். முன்பு வரைந்த அடையாளங்களில் ஒரு பிழை இருந்ததைத் திருத்தினோம். வாலில் உள்ள மூவர்ணப் பட்டையில் காவி எப்போதும் மூக்குப் பக்கம் இருக்கவேண்டும். முன்பு வரைந்தவர் இரண்டு பக்கமும் இடமிருந்து வலமாகக் காவி, வெள்ளை, பச்சை என்று எழுதிவிட்டார். வலப்பக்கத்தில் அது தலைகீழாகிவிட்டது. அண்ணன் அந்தப் பட்டையை மட்டும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அடித்தார். யாரும் சொல்லவில்லை, அவராகத்தான். துளைகளில் பெயின்ட் போகாமலிருக்க ஒவ்வொன்றிலும் தீக்குச்சி செருகி வைத்து அடித்து, காய்ந்ததும் பிடுங்கினோம். மொத்தம் நாற்பத்தொரு தீக்குச்சி. எண்ணிச் செருகி, எண்ணி எடுத்தோம்.

டயர்கள் காற்றில்லாமல் நசுங்கி, ரிம்மே தரையில் உட்கார்ந்திருந்தது. எடையை ஆக்சிலில் தாங்கும்படி எஃகுத் தாங்கிகள் செய்து, உலோகம் உலோகத்தைத் தொடாமல் நடுவில் ரப்பர் வைத்தாயிற்று. மேலே விழும் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஆசாரியார் ரசமட்டம் வைத்துப் பார்த்து, பின்தாங்கிகளை அரை அங்குலம் குறைத்தார். இப்போது இறக்கையின் மேல் நீர் தேங்குவதில்லை.

ஐப்பசி முதல் வாரத்தில் இரவு முழுக்க மழை. காலை ஆறு மணிக்குப் போனபோது எனக்கு முன்பே ஆசாரியாரும் அந்த மாணவியும் வயிற்றுக்கு அடியில் டார்ச்சோடு இருந்தார்கள். துளைகளுக்குச் சாக்பீஸால் எண் போட்டிருக்கிறோம். அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, நான் நோட்டில் குறித்தேன். சொட்டுகிறது, சொட்டுகிறது, சொட்டுகிறது. இருபத்தாறாவதில் நிறுத்தினாள்.

"சார், இது சொட்டல."

ஆசாரியார் மடியிலிருந்து ஈர்க்கை எடுத்துக் கொடுத்தார். செருகிச் சுழற்றினாள். ஒரு குளவிக்கூட்டின் மண் உதிர்ந்து கையில் விழுந்தது, அதன் பின்னாலேயே தண்ணீர் வந்தது. தெளிவான தண்ணீர். நின்றபிறகு நோட்டில் எழுதினேன்: 26, குளவி, திறந்தாயிற்று, மாதம் ஒருமுறை பார்க்கவும்.